நூலகம் வேண்டாம் என்றவர் நூலகத்தை மாற்றிய கதை

தேர்வு நெருங்கும் வாரங்களில் பல்கலைக்கழக நூலகத்தில் உட்கார இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. மின்செருகி உள்ள மேசைகள் காலையிலேயே நிறைந்துவிடும். ஆனால், நூலகர் அமர்ந்திருக்கும் உதவி மேசைக்கு முன்னால் பெரும்பாலும் யாரும் நிற்பதில்லை. பொறியியல் மாணவர்களிடம் இந்தப் பழக்கம் சற்று அதிகம். கணக்கு, ஆய்வுக்கூடம், கணினி இவைதான் எங்கள் உலகம். நூல் தேடுவதெல்லாம் கலைப்புல மாணவர்களின் வேலை என்று நினைத்துக்கொள்கிறோம்.

ஏறத்தாழ 100 ஆண்டுகளுக்கு முன்னர் சென்னையில் ஒரு கணித விரிவுரையாளரும் இப்படித்தான் நினைத்தார். நூலகத்தில் தமக்கு என்ன வேலை என்று கேட்டு, அங்கிருந்து தப்பித்துப் போகவும் பார்த்தார். பின்னாளில் அவரே உலகம் முழுவதும் நூலகர்கள் படிக்கும் பாடமாக மாறினார். அவர்தான் சீர்காழி ராமாமிர்த ரங்கநாதன். சுருக்கமாக எஸ். ஆர். ரங்கநாதன்.

இந்தியாவில் ஆகஸ்ட் 12ஆம் தேதியை நூலகர் தினமாகக் கொண்டாடுவது அவர் நினைவாகத்தான். நூலகவியல் படிப்பவர்களுக்கு அவரை நன்றாகத் தெரியும். ஆனால், அவர் யாருக்காக உழைத்தாரோ அந்த மாணவர்களில் பலருக்கு அவர் பெயர்கூடத் தெரியாது.

கணிதத்தில் தொடங்கிய பயணம்

ரங்கநாதன் 1892ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் தஞ்சை மண்ணில் உள்ள சீர்காழியில் பிறந்தார். ஆங்கிலேயர்கள் அந்த ஊரை ஷியாலி என்று எழுதினார்கள். அவர் பெயருக்கு முன்னால் இருக்கும் முதல் எழுத்து அதிலிருந்து வந்ததுதான். ஆறு வயதிலேயே தந்தையை இழந்தார். உள்ளூரில் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு, சென்னைக் கிறிஸ்துவக் கல்லூரியில் கணிதம் படித்து 1913இல் இளங்கலை, 1916இல் முதுகலைப் பட்டம் பெற்றார். அங்கு அவருக்குக் கணிதம் கற்பித்த பேராசிரியர் எட்வர்ட் ராஸ் மீது அவருக்கு வாழ்நாள் முழுவதும் மாறாத மரியாதை இருந்தது.

ஆசிரியர் பயிற்சி பெற்றபின் 1917 முதல் மங்களூர், கோயம்புத்தூர், பிறகு சென்னை மாநிலக் கல்லூரி என அடுத்தடுத்துக் கணிதம் கற்பித்தார். கணித வரலாறு பற்றி ஆய்வுக் கட்டுரைகளும் எழுதினார். அவருக்குப் பேச்சில் திக்கல் இருந்தது. வகுப்பறையே வாழ்க்கையாகக் கொண்ட ஒருவருக்கு அது எவ்வளவு பெரிய சவால் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆனாலும், கற்பிப்பதை அவர் உயிருக்கு உயிராக நேசித்தார். திக்கலையும் காலப்போக்கில் படிப்படியாகச் சமாளித்துக்கொண்டார்.

1923இல் சென்னைப் பல்கலைக்கழகம் தன் முதல் நூலகரைத் தேடியது. சுமார் 900 பேர் விண்ணப்பித்ததாகச் சொல்லப்படுகிறது. அவர்களில் ஒருவர்கூட நூலகப் பயிற்சி பெற்றவர் இல்லை. விண்ணப்பித்திருந்த ரங்கநாதன் அதையே மறந்துவிட்டார். நேர்காணலுக்கு அழைப்பு வந்ததும், என்சைக்ளோபீடியா பிரிட்டானிக்காவில் நூலகம் பற்றிய கட்டுரையைப் படித்துவிட்டுச் சென்றார். நூலகம் பற்றி அப்போது அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஆய்வு செய்தவர் என்ற தகுதி அவருக்குக் கைகொடுத்தது. 1924 ஜனவரியில் நூலகராகப் பொறுப்பேற்றார்.

சில வாரங்களிலேயே அவருக்கு வேலை கசந்துவிட்டது. கேள்வி கேட்கும் மாணவர்கள் நிறைந்த வகுப்பறையில் இருந்து வந்தவரை அலமாரிகளின் அமைதி வாட்டியது. நூல்கள் இருந்தன, படிக்க வருபவர்கள் மிகக் குறைவு. பழைய வேலையையே திருப்பித் தருமாறு பல்கலைக்கழகத்திடம் கேட்டார். நிர்வாகம் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தது. முதலில் லண்டன் சென்று நூலகத் துறையைப் படித்துவிட்டு வரட்டும். அதன் பின்னரும் பிடிக்காவிட்டால் விரிவுரையாளர் வேலைக்குத் திரும்பலாம் என்பதே அது.

லண்டனில் கண்ட விளையாட்டுப் பொருள்

அந்த லண்டன் பயணம் அவரை அடியோடு மாற்றியது. யுனிவர்சிட்டி காலேஜ் லண்டனில் நூலகவியல் படித்தார். அங்கு அவருக்கு வழிகாட்டியாக அமைந்தவர் குரோய்டன் நகர நூலகத்தின் தலைவர் பெர்விக் சேயர்ஸ். இங்கிலாந்தில் இருந்த காலத்தில் 100க்கும் மேற்பட்ட நூலகங்களை ரங்கநாதன் நேரில் சென்று பார்த்தார். அங்கெல்லாம் சிறுவர்கள், தொழிலாளர்கள், இல்லத்தரசிகள் என எல்லாரும் நூலகத்துக்கு வந்துகொண்டிருந்தார்கள். நூலகம் ஆள் நடமாட்டமில்லாத கிடங்காக இருக்க வேண்டிய அவசியமில்லை என்பதை அவர் கண்கூடாகப் பார்த்தார்.

கணித மனம் ஒரு பக்கம் வேலை செய்துகொண்டிருந்தது. அன்றைய நூலகங்களில் பரவலாக இருந்த டியூவி தசம முறை, ஒவ்வொரு பாடத்துக்கும் முன்கூட்டியே ஓர் எண்ணை ஒதுக்கி வைத்தது. அலமாரியில் அறைகள் செய்து, ஒவ்வோர் அறைக்கும் பெயர் எழுதி ஒட்டுவதைப் போன்றது அது. புதிய பாடம் ஒன்று பிறந்தால், அல்லது இரண்டு பாடங்கள் கலந்த நூல் வந்தால் அதை எந்த அறையில் வைப்பது?

பதில் ஒரு கடையில் கிடைத்தது. லண்டனின் செல்ஃப்ரிட்ஜஸ் கடையில் மெக்கானோ என்ற விளையாட்டுப் பொருளை விற்பனையாளர் செய்து காட்டுவதை ரங்கநாதன் பார்த்தார். சில உலோகப் பட்டைகள், சக்கரங்கள், திருகாணிகள், மரைகள் இவற்றை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு முறை பாரந்தூக்கி, மறுமுறை வண்டி என எதை வேண்டுமானாலும் செய்யலாம். பாடங்களையும் இப்படிச் சிறு பாகங்களாகப் பிரித்து வைத்துக்கொண்டு, தேவைக்கு ஏற்ப இணைத்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. பாகங்களுக்கு எண்களும் எழுத்துகளும். அவற்றை இணைக்கும் திருகாணிக்கு முக்காற்புள்ளி. கோலன் வகைப்பாட்டு முறை உருவானது இப்படித்தான். 1925இல் நாடு திரும்பும்போது, கப்பலில் இருந்த நூலகத்தின் நூல்களையே தம் முறைப்படி அடுக்கிச் சோதித்துப் பார்த்தார். அந்த முறை 1933இல் நூலாக வெளிவந்தது.

ஒரு நூலின் பொருளை அவர் ஐந்து கோணங்களில் பார்க்கச் சொன்னார். எதைப் பற்றியது, எந்தப் பொருளால் ஆனது, அதில் என்ன செயல் நடக்கிறது, எந்த இடம், எந்தக் காலம் என்பவையே அவை. கேட்பதற்கு ஏட்டுச் சுரைக்காய் போலத் தோன்றலாம். ஆனால், இறுதியாண்டுத் திட்டப்பணிக்குத் தலைப்பு கிடைத்த நாளில் இதைவிட உதவியான கருவி வேறு இல்லை.

கடலோரப் பாலங்களில் கம்பி துருப்பிடிப்பது பற்றி ஒரு மாணவர் ஆராயப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். முழு வாக்கியத்தையும் தேடுபெட்டியில் தட்டினால் தொடர்பில்லாத ஆயிரம் பக்கங்கள் வந்து விழும். ரங்கநாதன் வழியில் அதைப் பிரித்துப் பார்க்கலாம். எதைப் பற்றியது என்றால் பாலம். பொருள், கான்கிரீட்டுக்குள் இருக்கும் எஃகுக் கம்பி. செயல், துருப்பிடித்தல். இடம், வெப்பமண்டலக் கடலோரம். காலம், கடந்த 10 ஆண்டுகள். இனி ஒவ்வொன்றுக்கும் வேறு என்னென்ன பெயர்கள் உண்டு என்று எழுதிக்கொள்ள வேண்டும். கம்பியை ஒருவர் ரீபார் என்பார், இன்னொருவர் ரீஇன்ஃபோர்ஸ்மென்ட் என்பார். ஒரே பொருளுக்கு உள்ள பல பெயர்களை ‘ஆர்’ என்ற சொல்லாலும், வெவ்வேறு கோணங்களை ‘ஆண்ட்’ என்ற சொல்லாலும் இணைத்துத் தரவுத்தளத்தில் தேடினால், படிக்கத் தகுந்த அளவில் கட்டுரைகள் கிடைக்கும். மெக்கானோ பாகங்களை இணைத்ததும் இதுவும் ஒன்றுதான்.

ஐந்து விதிகள்

சென்னை திரும்பிய ரங்கநாதன் கணிதத்துக்குத் திரும்பவில்லை. நூலகத்தை மாற்றத் தொடங்கினார். நூல்களைப் படிப்பவர்களே அலமாரிக்குச் சென்று எடுத்துப் பார்க்க வழி செய்தார். திறந்திருக்கும் நேரத்தை நீட்டித்தார். வருபவர்களுக்கு உதவுவதற்கென்றே ஊழியர்களை அமர்த்தினார். 1928இல் சென்னை நூலகச் சங்கம் உருவாவதற்கு முன்னின்றார். அடுத்த ஆண்டு நூலகர்களுக்கான பயிற்சி வகுப்பும் தொடங்கியது. 1931இல் மன்னார்குடிப் பகுதியில் மாட்டுவண்டியில் நூல்கள் ஊர் ஊராகச் சென்றதற்கும் அவர் கொடுத்த ஊக்கமே பின்புலம். 1936இல் பல்கலைக்கழக நூலகம் மெரினா கடற்கரைக்கு எதிரே சொந்தக் கட்டடத்துக்கு மாறியது.

இத்தனை வேலைகளுக்கும் அடிப்படையான கொள்கை எது என்ற கேள்வி அவரை விடவில்லை. கணிதம் படித்தவர் அல்லவா? ஒரு சில விதிகளில் இருந்து மற்ற எல்லாவற்றையும் வருவிக்க முடிய வேண்டும் என்று நினைத்தார். 1928இல் தம் பழைய ஆசிரியர் ராஸுடன் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது முதல் விதியை ராஸ்தான் ஒரே வரியில் சுட்டிக்காட்டினார். மற்ற நான்கும் அதைத் தொடர்ந்து வந்தன. 1931இல் அவை நூலாக வெளியாயின. நூலகவியலின் ஐந்து விதிகள் என்று உலகம் இன்றும் படிப்பது அதைத்தான்.

நூல்கள் இருப்பது பயன்படுத்துவதற்கே என்பது முதல் விதி. இதைச் சொல்ல ஒரு விதி தேவையா என்று தோன்றும். ஐரோப்பாவில் ஒரு காலத்தில் நூல்களைச் சங்கிலியால் கட்டி வைத்திருந்தார்கள். பாதுகாப்பதே நூலகத்தின் கடமை என்ற எண்ணம் அதன்பின்னரும் நெடுங்காலம் நீடித்தது. இன்று சங்கிலி இல்லை. ஆனால், நம் பல்கலைக்கழகங்கள் பெரும் பணம் கொடுத்துச் சந்தா கட்டும் ஆய்விதழ்களையும் தர விதிகளையும் நாம் திறந்தே பார்ப்பதில்லை என்றால், அவையும் கட்டிவைக்கப்பட்டவைதான்.

ஒவ்வொரு வாசகருக்கும் உரிய நூல் கிடைக்க வேண்டும் என்பது இரண்டாவது. ஒவ்வொரு நூலுக்கும் உரிய வாசகர் கிடைக்க வேண்டும் என்பது மூன்றாவது. இவ்விரண்டுக்கும் தமிழ்நாட்டிலேயே ஒரு சான்று உண்டு. கும்பகோணம் அரசுக் கல்லூரி நூலகத்தில் இருந்து நண்பர்கள் வழியாக இரவல் பெற்ற ஒரு நூல், ஒரு பள்ளி மாணவரின் கையில் சேர்ந்தது. ஜி. எஸ். கார் தொகுத்த அந்த நூலில் ஆயிரக்கணக்கான கணிதத் தேற்றங்கள் இருந்தன. விளக்கம் மிகக் குறைவு. அந்த மாணவர் சீனிவாச ராமானுஜன். வேறு யாருக்கும் பெரிதாகப் படாத ஒரு நூல் தன் வாசகருக்காகக் காத்திருந்தது. பின்னாளில் 1967இல் ராமானுஜனின் வாழ்க்கையை நூலாக எழுதியவர்களில் ஒருவர் ரங்கநாதன்.

நூல்களை அடுக்கும் விதத்திலும் அவர் இதை மனத்தில் வைத்திருந்தார். ஒரு பாடத்தின் மைய நூல்கள் நடுவில் இருக்கும். நெருங்கிய பாடங்கள் இரு பக்கமும் இருக்கும். விலக விலகத் தொடர்பு குறையும். ஆகவே, தேடிய நூல் கிடைத்ததும் உடனே திரும்பிவிடாதீர்கள். அதன் இடப்பக்கமும் வலப்பக்கமும் உள்ள சில நூல்களைப் புரட்டிப் பாருங்கள். பாடநூலில் புரியாத பகுதியைத் தெளிவாக விளக்கும் நூல் பல வேளைகளில் பக்கத்திலேயே இருக்கும்.

நேரமும் வளர்ச்சியும்

வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்பது நான்காவது விதி. பொறியியல் மாணவர்களுக்கு மிகவும் பிடிக்க வேண்டியது இதுதான். வாரத்துக்குப் பல ஆய்வுக்கூட அறிக்கைகள், குழுப்பணிகள், இவற்றுக்கு நடுவே ஒரு கட்டுரையைத் தேடி மூன்று இரவுகளைச் செலவிட யாருக்கு முடியும்? பொறியியல் துறைக்கென்றே ஒரு நூலகர் பல பல்கலைக்கழகங்களில் இருக்கிறார். எந்தத் தரவுத்தளத்தில் எது கிடைக்கும், காப்புரிமைகளை எப்படித் தேடுவது, மேற்கோள் பட்டியலைத் தானாகத் தயாரிக்கும் மென்பொருளை எப்படிப் பயன்படுத்துவது என்பதெல்லாம் அவருக்கு அன்றாட வேலை. நம் நூலகத்தில் இல்லாத நூலையோ கட்டுரையையோ வேறொரு நூலகத்தில் இருந்து வரவழைத்துத் தரும் சேவையும் உண்டு. இணையத்தில் ஒரு கட்டுரைக்குப் பணம் கேட்கும் பக்கம் வந்தால், அட்டையை எடுப்பதற்கு முன்னால் நூலகத்தின் கணக்கு வழியாக நுழைந்து பாருங்கள். பல்கலைக்கழகம் ஏற்கெனவே அதற்குப் பணம் கட்டியிருக்கக்கூடும்.

நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் ஓர் உயிர் என்பது ஐந்தாவது விதி. பொறியியலில் இதை அலட்சியம் செய்வது ஆபத்து. சிங்கப்பூரில் கட்டமைப்பு வடிவமைப்புக்கு நெடுங்காலம் பிரிட்டிஷ் தர விதிகள் பயன்பட்டன. 2013 ஏப்ரல் முதல் ஐரோப்பிய விதிகளான யூரோகோட் அறிமுகமாயின. இரண்டு முறைகளும் ஈராண்டு சேர்ந்து இயங்கி, 2015 ஏப்ரல் முதல் யூரோகோட் மட்டும் என்றானது. பழைய விதிகளைக் கொண்டு எழுதப்பட்ட நூல்களும் இணையக் குறிப்புகளும் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. அவற்றில் உள்ள சூத்திரத்தைத் தேதி பார்க்காமல் எடுத்துப் போட்டால், கணக்கு சரியாக இருந்தும் விடை தவறாகிவிடும். வகுப்பில் போவது மதிப்பெண். நாளைக்குக் கட்டுமானத் தளத்தில் போவது அதைவிடப் பெரியது. நடப்பில் உள்ள தர விதியின் முழுப் பிரதி நூலகத்தின் வழியாகக் கிடைக்கும்போது, யாரோ எங்கோ எழுதிய சுருக்கத்தை நம்பத் தேவையில்லை.

அறிவியலாளருக்கும் பொறியாளருக்கும் கைகொடுத்தவர்

சென்னையில் 20 ஆண்டுகள் விடுப்பு எடுக்காமல் உழைத்தவர் என்று ரங்கநாதனைப் பற்றிச் சொல்வார்கள். அதன்பின், அப்போது துணைவேந்தராக இருந்த டாக்டர் ராதாகிருஷ்ணன் அழைத்ததால் 1945இல் காசி இந்துப் பல்கலைக்கழகம் சென்றார். அங்கு ஏறக்குறைய ஒரு லட்சம் நூல்களைத் தம் கையாலேயே வகைப்படுத்தினார். 1947இல் டெல்லிப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அடுத்த ஆண்டு சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. பொதுமக்களுக்கு நூலகம் கிடைக்கச் சட்டம் வேண்டும் என்று அவர் பல ஆண்டுகளாக வலியுறுத்தியதன் பலன் அது.

போருக்குப் பிந்திய அந்த ஆண்டுகளில் அறிவியல், தொழில்நுட்ப ஆய்வுகள் வெள்ளம்போல் பெருகின. ஆய்வாளர்களுக்கும் பொறியாளர்களுக்கும் முழு நூலைவிட, ஒரு குறிப்பிட்ட சிக்கலுக்கு நேற்று வெளிவந்த கட்டுரை அவசரமாகத் தேவைப்பட்டது. அதைத் துல்லியமாகவும் விரைவாகவும் தேடிக் கொடுக்கும் ஆவணச் சேவைக்கு ரங்கநாதன் தம் கடைசிக் காலத்தை அர்ப்பணித்தார். 1962இல் பெங்களூரில் அதற்கான ஆய்வு, பயிற்சி நிலையம் ஒன்றை இந்தியப் புள்ளியியல் கழகத்தின் கீழ் நிறுவினார். ஆய்வுக்கூடங்களிலும் தொழில் நிறுவனங்களிலும் பணியாற்றக்கூடிய நூலகர்கள் அங்கு உருவானார்கள்.

1957இல் பத்மஸ்ரீ விருதும் 1965இல் தேசிய ஆய்வுப் பேராசிரியர் என்ற சிறப்பும் அவரைத் தேடி வந்தன. எளிமையாக வாழ்ந்து சேமித்த ஒரு லட்சம் ரூபாயை 1956இல் சென்னைப் பல்கலைக்கழகத்திடம் கொடுத்து, தம் மனைவி சாரதாவின் பெயரும் சேர்ந்த நூலகவியல் பேராசிரியர் பதவி ஒன்றை ஏற்படுத்தினார். 1972ஆம் ஆண்டு செப்டம்பர் 27ஆம் தேதி பெங்களூரில் காலமானார்.

கேட்கத் தயங்காதீர்கள்

ரங்கநாதனின் வாழ்க்கையில் என்னை மிகவும் யோசிக்க வைப்பது ஒன்று உண்டு. பேசுவதற்கே சிரமப்பட்ட ஒருவர், பேச்சில் தொடங்கும் ஒரு சேவையை நூலகத்தின் உயிர்நாடி ஆக்கினார். வாசகர் வாய்திறந்து கேட்க வேண்டும். நூலகர் பொறுமையாகக் காதுகொடுக்க வேண்டும். எல்லா அலமாரிகளும் எண்களும் அந்த உரையாடலுக்குத் துணை செய்பவைதான். சரியான நூலையும் சரியான வாசகரையும் ஒன்றுசேர்ப்பதே நூலகரின் தொழில் என்று அவர் நம்பினார்.

நாம் கேட்காமல் இருப்பதற்குக் காரணம் பெரும்பாலும் சோம்பல் இல்லை. இதுகூடத் தெரியாதா என்று நினைத்துவிடுவார்களோ என்ற கூச்சம்தான். வீட்டில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் வந்தவர்களுக்கும், பலதுறைத் தொழிற்கல்லூரியில் இருந்து புதிய சூழலுக்கு வந்தவர்களுக்கும் இந்தக் கூச்சம் கூடுதலாக இருக்கலாம். கேட்கப் பழகியவர்கள் முன்னே போய்விடுகிறார்கள். கேட்காதவர்கள் தனியாக இரவெல்லாம் தேடிக்கொண்டிருக்கிறார்கள். சேவை எல்லாருக்கும் ஒன்றுதான். பயன் மட்டும் ஒன்றாக இருப்பதில்லை.

ஆகவே, அடுத்த பணி கையில் கிடைத்ததும் ஒரு தாளை எடுத்து, ரங்கநாதன் சொன்ன ஐந்து கோணங்களில் உங்கள் தலைப்பைப் பிரித்து எழுதுங்கள். அரை மணி நேரம் நீங்களே தேடுங்கள். எங்கெங்கே தேடினீர்கள், எது கிடைக்கவில்லை என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தாளுடன் நூலகரிடம் செல்லுங்கள், அல்லது அவருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். உயர்நிலைப் பள்ளியிலோ தொடக்கக் கல்லூரியிலோ படிப்பவர்கள் அருகில் உள்ள பொது நூலகத்தில் இதை இப்போதே பழகலாம்.

நூலக வேலை வேண்டாம் என்று திரும்பிப் போகவிருந்த ஒரு கணித ஆசிரியர், நாம் கேட்கப்போகும் கேள்விக்காகவே ஒரு வாழ்நாளைச் செலவிட்டிருக்கிறார். அந்த மேசைக்கு முன்னால் போய் நின்று கேட்பது நம் பங்கு.